பெரியாயியின் குளிசை

2004 ஜனவரி 14, புதன்

நாளைக்குப் பொங்கல். பதுளைக் கடைத்தெரு முழுக்கக் கரும்பும் மஞ்சள் கொத்தும். அதையெல்லாம் தாண்டி நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ‘பிரஷர் கிளினிக்’ என்று சொல்லி அரை நாள் லீவு. இது இரண்டாவது தடவை. பொய் நன்றாகப் பழகிவிட்டது.

மனநோய் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார்? பெரியாயி! எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். என் ஐந்தாம் வகுப்பு மதுஷாவின் தாய்.

“டீச்சர், நீங்களும் இங்கதானா?”

வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு “ம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவளும் போன மாதம்தான் தொடங்கினாளாம். புருஷன் வீரய்யா லொறியில் அடிபட்டுச் செத்து ஒன்றரை வருஷம். அதிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, மலையில் நின்றபடியே அழுகை. அவளுக்குக் காரணமாவது இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? என் புருஷன் ஜீவனுக்குத் தபால் கந்தோரில் வேலை. ஹாலிஎலயில் வாடகைக்கு என்றாலும் நல்ல வீடு. அரசாங்க உத்தியோகம். பிறகு ஏன் காலையில் எழும்பி முகம் கழுவுவது மலை ஏறுவது போல் இருக்கிறது? யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு சாவுகூட என்னிடம் இல்லை. இதில்கூட அவள்மேல் பொறாமைப்படுகிறேன். வெட்கம்கெட்டவள் நான்.

அவளுடைய குளிசைப் பொட்டலத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதே மஞ்சள் குளிசை. இரவில் இரண்டு. எனக்கும் அதேதான்.

டொக்டர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். “எப்பிடி இருக்கிறியள்?” என்றார். ஒரு மாதமாக நாக்கு மரப்பட்டை மாதிரி. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போகிறது. கை நடுங்குகிறது. இதையெல்லாம் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் அவருடைய மேசை, அந்தக் கண்ணாடி, அந்தத் தமிழ்! “சிலைட்லி பெட்டர், டொக்டர்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தேன். தோட்டத்துப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அடுத்தது பெரியாயி. நடுவில் ஒரு திரைதான்.

“வாயி காயுதுங்க சாமி. எச்சி முழுங்க முடியல. கக்கூசு போயி அஞ்சு நாளாச்சு. எந்திரிச்சா தல கிர்ருங்குது. பெரட்டுல பேரு கூப்பிடுறது கெணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி கேக்குது.”

வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எனக்கு உடம்பு கூசியது.

“அப்ப இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. வேறை மாத்துவம்” என்றார் டொக்டர்.

புதுக் குளிசையோடு வந்தாள். பாதி பச்சை, பாதி வெள்ளையாக ஒரு கெப்சூல். அதையும் நான்தான் வாசித்தேன். காலையில் ஒன்று.

ஜனவரி 16

வாய் காய்கிறது. சக்கரைப் பொங்கல் மிச்சத்தைத் தின்றேன். ஈர மணல்.

ஜனவரி 28

கரும்பலகையில் ‘மழை’ என்று எழுதினேன். ழகரத்தின் வால் இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோக்கட்டி மட்டம் என்று திட்டிவிட்டு, புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டேன்.

அதிபர் மதுசூதனன் பின்னேரம் கூப்பிட்டார். “டீச்சர், புலமைப்பரிசில் வகுப்பு இது. ஒங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, விஜிதா டீச்சருக்குக் குடுப்போம். சித்திரை லீவு வரைக்கும் பாப்போம்.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து இதே பள்ளிக்கூடத்தில் படித்து டீச்சரானவள் நான் ஒருத்திதான். அந்த வகுப்பு போனால் எனக்கு என்ன மிச்சம்?

பிப்ரவரி 11, புதன்

கிளினிக். பெரியாயிக்கு முதல் வாரம் குமட்டலாம், பிறகு நின்றுவிட்டதாம். “ராத்திரி தூங்குறேன் டீச்சர். ஏதோ பரவால்ல.” முகத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல். எழுதிவைக்கிறேன், பொய் சொல்வதற்கு இந்தக் கொப்பி எதற்கு?

என்னிடம் டொக்டர் கேட்டார். “மேனேஜபிள், டொக்டர்.” அப்படியென்றால் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று மூன்றாக்கினார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று என்னை நானே திட்டினேன். ஏன்டி, வாய் இல்லையா உனக்கு?

பிப்ரவரி 24

பதுளையிலிருந்து வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போனேன். ஹாலிஎல தாண்டி தெமோதரையில் கண்டக்டர் எழுப்பினான். வாயோரம் எச்சில்கூட இல்லை. திரும்பி வர இன்னொரு பஸ். ஜீவன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பொங்கலுக்குத் தைத்த சட்டை இன்று கைப்பக்கம் ஏறவில்லை.

மார்ச் 3

இன்றைக்குப் பெற்றோர் கூட்டம். நான் எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பெரியாயி வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கனகாம்பரம். ஒரு நீலச் சேலை. மற்றப் பொம்பளைகளோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறினாள். சிரிப்பு! கணக்கப்பிள்ளை எடை போடும்போது கொழுந்துக் கூடையைக் காலால் அமத்திப் பார்க்கிறானாம், அதை அப்படியே நடித்துக் காட்டினாள். கூட்டமே சிரித்தது. மதுஷா என்னிடம் ஓடிவந்து, “அம்மா இப்ப பாட்டுப் படிக்குது டீச்சர்” என்றாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரே வாங்கு, ஒரே வருத்தம், ஒரே மஞ்சள் குளிசையில் தொடங்கினோம். கையெழுத்துக்குக் கட்டைவிரல் வைப்பவள் அவள். பொட்டலத்தை வாசித்துக் காட்டுபவள் நான். எப்படி அவள் முந்தினாள்? இரண்டு வருஷம் பயிற்சிக் கல்லூரி, ஆறு வருஷம் சேவை, இவ்வளவு புத்தகம், இதெல்லாம் ஒரு பச்சைக் கெப்சூலுக்கு ஈடாகாதா? எனக்குக் கிடைக்க வேண்டியது அவளுக்குப் போய்விட்டது. ஆமாம், அப்படித்தான் தோன்றுகிறது. அந்தச் சிரிப்பு என்னுடையது, அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, “டீச்சர் ஒடம்பு வீங்கின மாதிரி இருக்கே, கவனமா இருங்க” என்றாள். பரிவாகத்தான் சொன்னாள். அறைய வேண்டும் போல் இருந்தது.

மார்ச் 10, புதன்

செய்துவிட்டேன்.

டொக்டரிடம் “சேம், டொக்டர்” என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு மருந்து வரிசையில் நின்றேன். பெரியாயி தன் மருந்துத் துண்டையும் என்னிடம் கொடுத்தாள். “வாங்கிருங்க டீச்சர், நா புள்ளைக்கி ஒரு கொப்பி வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன்.” இரண்டு பொட்டலம் என் கையில். அவளுடையதில் பச்சை வெள்ளை, என்னுடையதில் மஞ்சள். ஆஸ்பத்திரிப் படியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அந்தக் கெப்சூல்களைப் பைக்குள் விரலால் எண்ணிக்கொண்டே நடந்தேன். அதுவரை அப்படி ஒரு எண்ணம் இல்லை. இல்லை, இருந்தது. மார்ச் மூன்றாம் திகதியிலிருந்தே இருந்தது.

மஞ்சளை நீட்டினேன். அவள் பொட்டலத்தைத் திறந்து பார்த்தாள்.

“இது பழைய குளிச மாதிரி இருக்கே டீச்சர்?”

“டொக்டர் திரும்ப அதையே குடுத்திருக்காரு. கொஞ்ச நாளைக்குப் பாக்கணுமாம். ராத்திரிக்கு மூணு.”

“அய்யய்யோ, அது குடிச்சா வாயி காயுமே.” ஒரு நிமிஷம் யோசித்தாள். “சரி. டீச்சரே வாசிச்சிருக்கீங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்.”

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் எனக்கு சீட் பிடித்துக் கொடுத்தாள்.

மார்ச் 11

காலையில் ஒன்று. தண்ணீரோடு விழுங்கினேன். இனி நானும் பாட்டுப் படிப்பேன்.

மார்ச் 14

வயிற்றைப் பிரட்டுகிறது. அவளுக்கும் முதல் வாரம் அப்படித்தானே? பொறு.

மார்ச் 17

மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உட்கார முடியவில்லை, நடக்கிறேன், பிறகு உட்காருகிறேன். தோலுக்குள் எறும்பு. வகுப்பில் ஒரு பிள்ளை பென்சிலைக் கீழே போட்டதற்கு அப்படிக் கத்தினேன், பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது. வாய் காயவில்லை என்பது உண்மை. ஆனால் இது நானில்லை. அவளை எழுப்பி நிறுத்திய அதே குளிசைதானே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

மதுஷா சொன்னாள், “அம்மா ரெண்டு நாளா பெரட்டுக்கு லேட்டு, கங்காணி ஏசிட்டாரு.” கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

மார்ச் 19, வெள்ளி

பெரியாயி விழுந்துவிட்டாள்.

காலை, மேல்மலையில். கூடையோடு நிமிர்ந்திருக்கிறாள், தலை சுற்றி அப்படியே வடிகால் கானுக்குள். வலது மணிக்கட்டு முறிவு. மதுஷாவை வகுப்பிலிருந்து யாரோ வந்து கூட்டிப்போனார்கள். நான் அந்தப் பிள்ளையின் பையை எடுத்துக் கொடுத்தேன். என் கைதான் எடுத்துக் கொடுத்தது.

கழுத்து முறிந்திருந்தால்? நான் என்ன செஞ்சிட்டேன்? கடவுளே, நான் என்ன செஞ்சிட்டேன்?

மார்ச் 20, சனி

விடிந்ததும் போனேன். மிச்சக் கெப்சூல்களைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு.

லயத்தில் பெரியாயி படுத்திருந்தாள், மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்து. என்னைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்தாள். “டீச்சர் வந்திருக்காங்க, ஸ்டூலப் போடு. தண்ணியக் கொதிக்க வை” என்று மதுஷாவுக்குச் சொல்லி, பிறகு “நீ போயி பக்கத்துக் காம்பராவுல சீனி வாங்கிட்டு வா” என்று அனுப்பினாள்.

“அந்தப் பழைய குளிசதான் டீச்சர். எனக்கு அப்பவே தெரியும், அது ஒத்துக்காதுன்னு. ஆனா டொக்டர் குடுத்தா குடிக்கணும்ல?”

“டொக்டர் குடுக்கல. நாந்தான் மாத்திக் குடுத்தேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. கைலேஞ்சியை அவிழ்த்து வைத்தேன். பச்சை வெள்ளை. பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

“ஏன் டீச்சர்?”

“நீங்க நல்லாயிட்டீங்க. நா நல்லாகல. பாக்கப் பொறுக்கல.”

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். கெப்சூல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எழுத்துத் தெரியாதவன்னுதானே டீச்சர்.”

கேள்வியாகக் கேட்கவில்லை. மஞ்சள் பொட்டலத்தைக் கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு குளிசையை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தந்தாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கெப்சூலை இன்றே திரும்பத் தொடங்குவதா என்று டொக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றேன். “யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிக் கேட்டுக்குறேன்” என்றாள்.

தண்ணீர் கொதித்தது. மதுஷா சீனியோடு வந்தாள். தேத்தண்ணி ஊற்றியாயிற்று. பெரியாயி இடது கையால் கோப்பையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“போய்ட்டு வாங்க டீச்சர்.”

எந்த லயத்திலும், எவ்வளவு இல்லாத வீட்டிலும், வந்தவர்களைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்பி நான் பார்த்ததில்லை. அங்கே பிறந்தவள் நான். அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 22, திங்கள்

ஜீவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “புதன்கிழமை நானும் வாறேன்” என்றார்.

மார்ச் 24, புதன்

என் நாளில்லை. ஆனாலும் போய், கடைசி ஆளாக உள்ளே போனேன். கெப்சூல் கதையைச் சொன்னேன். டொக்டர் சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ரெண்டு பேரும் தப்பினது உங்கடை அதிர்ஷ்டம். ஒராளுக்கு எழுதின மருந்தை இன்னொராள் குடிக்கிறது விளையாட்டே? அந்த மனுசி நேற்று வந்திட்டுப் போட்டுது. அவவுக்கு நான் சொல்லிவிட்டன்.” பிறகு கொஞ்சம் தணிந்து, “ஏன், உங்கடை குளிசையிலை என்ன குறை?” என்றார்.

அப்போதுதான் உடைந்தது. இங்கிலீஷும் வரவில்லை, புத்தகத் தமிழும் வரவில்லை.

“வாயி காயுதுங்க. எச்சியே இல்ல. கக்கூசு போறதில்ல. கை நடுங்குது, போர்டுல எழுத முடியல. ஒடம்பு ஊதிருச்சு. பஸ்ல தூங்கிப் போயிர்றேன். புருஷன் பக்கத்துல வந்தா ஒண்ணுமே தோணல. இத்தனையும் இருந்தும் மனசு அப்படியேதாங்க கெடக்கு.”

ஜீவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார்.

“இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? நீங்கள் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டுதானே சொன்னியள். ஜனவரியிலையே மாத்தியிருப்பன்.”

ஜனவரியிலேயே. என் குளிசையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்க எனக்குத்தான் வாய் கூசியது. அவள் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், நான் கூசிக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை, பாதியிலிருந்து. இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். போனால் வந்து சொல்ல வேண்டும், எல்லாவற்றையும்.

ஏப்ரல் 7, புதன்

கிளினிக். பெரியாயி இருந்தாள், மாவுக்கட்டோடு. நான் வாங்கில் உட்கார்ந்ததும் எழும்பி அடுத்த வாங்குக்குப் போனாள். யாரோ ஒரு முஸ்லிம் பெண்ணிடம் பொட்டலத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்துக் காட்டியவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. இதற்குமா?

ஏப்ரல் 22

லீவு முடிந்தது. அதிபர் வகுப்பை விஜிதாவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டாம் வகுப்பு. சரி என்றேன். விஜிதாவைப் பார்த்தால் எரியும் என்று நினைத்தேன். எரிந்தது. ஆனால் போய் என் பழைய வினாத்தாள் கட்டைக் கொடுத்தேன்.

மே 3

முழுக் குளிசை. லேசான தலையிடி, வியர்வை. சொல்ல வேண்டியவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

மே 19

காலையில் எழும்பி முகம் கழுவினேன். கழுவி முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது, அது பாரமாக இருக்கவில்லை என்று.

ஜூன் 9, புதன்

கிளினிக்கில் சரியான கூட்டம். மிஞ்சியிருந்த ஒரே இடம் பெரியாயியின் பக்கத்தில். நின்றேன். அவள் தன் கூடையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

மாவுக்கட்டு எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு கொஞ்சம் மெலிந்திருந்தது. கொழுந்து எடுக்க இன்னும் ஒரு மாதமாகுமாம். அதுவரை தோட்டத்தில் லேசான வேலை. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருந்தவளிடம் சொன்னாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். சிரித்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

அவளுடைய கிளினிக் கொப்பி மடியில் திறந்து கிடந்தது. அட்டையின் உள்பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரால், ஒரு பச்சை வெள்ளைக் கெப்சூல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் குளிசை. அதன்மேல் சிவப்புப் பென்சிலால் பெரிய கோடு, குறுக்காக இரண்டு. அன்று அவள் தனியாக எடுத்துவைத்தது.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“இது என்னது. இது என்னது இல்ல. இனி யாரும் வாசிச்சுக் காட்டத் தேவையில்ல.”

“ம்” என்றேன். “நல்லா செஞ்சிருக்கீங்க அக்கா.”

ஐந்து மாதத்தில் இன்றைக்குத்தான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் கையை நீட்டினாள். “ஒங்களோட புதுசக் காட்டுங்க.”

கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வாயி காயுதா?”

“இல்ல. ஆனா ராவுல வேர்க்குது.”

“உள்ள போயி அதச் சொல்லுங்க” என்று குளிசையைத் திருப்பித் தந்தாள். “மறைக்காம சொல்லுங்க.”

பிறகு கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் தேத்தண்ணி ஊற்றினாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் குடித்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும். நான் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மூடியை முந்தானையால் துடைத்து, மறுபடியும் ஊற்றி, என்னைப் பார்க்காமலே என் பக்கம் தள்ளினாள்.

சீனி கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டிருந்தாள். நாக்குக்குத் தெரிந்தது.